1.2 கிலோவிலிருந்து 2.4 கிலோவுக்கு: வீடியோ எடிட்டிங்குக்காக லேப்டாப் மாற்றும் முறை

இரண்டரை மணி நேரக் கல்யாண வீடியோவை மெல்லிய லேப்டாப்பில் எக்ஸ்போர்ட் போட்டால் முதல் அரை நிமிடம் பறக்கும். பிறகு வேகம் பாதிக்குக் கீழே இறங்கி, விடிய விடிய ஓடும். பிராசஸர் மட்டம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அதன்மேல் தப்பில்லை, சூடு வெளியேற வழியில்லை.

இன்டெல் ஐ5-1235யு சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை மின்செலவு 15 வாட், டர்போவில் 55 வாட் வரை போகும். ஒற்றைக் குட்டி ஃபேன் வைத்த 1.2 கிலோ உடம்பு அந்த 55 வாட்டை அரை நிமிடம் தாங்கும். அதற்குப் பிறகு 15, 20 வாட்டுக்கு வந்தே தீரும். மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. சிப் நல்ல சிப் என்றாலும், நீண்ட ரெண்டரில் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான லேப்டாப்களில் வரும் இன்டெல் கோர் ஐ வரிசையில் எச் வகை சிப்பின் அடிப்படை 45 வாட், எச்எக்ஸ் வகைக்கு 55 வாட். அதோடு தனி கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால், மணிக்கணக்கில் 150 வாட் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் இரண்டு ஃபேன், தடித்த செம்புக் குழாய்கள், கனமான உடம்பு, செங்கல் போன்ற அடாப்டர். கூடுதல் எடை கொடுத்து நீங்கள் வாங்குவது தொடர்ந்து கிடைக்கும் வாட். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பழைய லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, உங்கள் வழக்கமான புராஜெக்ட் ஒன்றை 20 நிமிடம் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்து, முதல் நிமிடத்திலும் பதினைந்தாவது நிமிடத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிபியு வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 1.8க்கு இறங்கியிருந்தால் சூடுதான் காரணம். வாங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தால் ஒருமுறை தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே இன்னொரு வருடம் ஓட்டிவிடலாம். மெமரி 95 சதவீதத்தில் நிற்கிறது, டிஸ்க் விடாமல் ஓடுகிறது என்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். மெல்லிய லேப்டாப்களில் ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. அப்போதும் 32 ஜிபி ரேம் உள்ள நடுத்தர எடை லேப்டாப் போதுமா என்று யோசியுங்கள். ஜிபியு 100 சதவீதத்தில் நிற்க, சிபியு பாதிகூட வேலை செய்யவில்லை என்றால் உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். கலர் கிரேடிங், படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் எஃபெக்ட்கள், ஏஐ மாஸ்க் இவையெல்லாம் ஜிபியுவைத்தான் பிழியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கனமான வேலையை எப்போதும் ஒரே மேசையில்தான் செய்கிறீர்கள் என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகமும் குறைந்த சத்தமும் தரும். மெல்லிய லேப்டாப்பையும் விற்க வேண்டியதில்லை. மண்டபத்திலேயே ஃபுட்டேஜ் இறக்கி, அன்றைக்கே ஹைலைட்ஸ் கொடுப்பவர்களுக்கும், ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் அலைபவர்களுக்கும்தான் கனமான லேப்டாப் பொருந்தும்.

எடையைத் தோளில் சோதித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் போடும் எடை லேப்டாப்பின் எடை மட்டும். 1.2 கிலோ லேப்டாப்போடு 65 வாட் சார்ஜர் சேர்ந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ. 2.4 கிலோ லேப்டாப்போடு 230 வாட் அடாப்டரும் அதன் தடித்த வயரும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டும். வித்தியாசம் ஏறக்குறைய 1.6 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, அரை லிட்டர் பாட்டில் ஒன்று, இரண்டையும் நிரப்பி இப்போதைய பையில் போட்டு ஒரு வாரம் பஸ்ஸிலும் பைக்கிலும் போய் வாருங்கள். மூன்றாம் நாளே தோள் பட்டை எரிந்தால், மாற்றத் தேவையில்லை என்பதில்லை, ஆனால் மார்புப் பட்டையும் அகலமான தோள் பட்டையும் உள்ள பைக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். 14 அங்குல லேப்டாப்புக்கான பழைய பையில் 16 அங்குலம் நுழையாது. அளவை முன்பே பார்த்துவிடுங்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

பணம் வீணாகும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்திக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். குறைந்த வாட்டில் கட்டிய 4060, முழு வாட்டில் ஓடும் 4050இடம் தோற்றுப்போகலாம். விவரப் பட்டியலில் டிஜிபி (கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மொத்த மின்சாரம்) என்று எத்தனை வாட் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது இல்லையென்றால் கடைக்காரரிடம் டெமோ பீஸில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் பட்டியலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்று எண் இருக்கும். திறந்து காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அடாப்டரின் வாட்டும் ஒரு சாட்சி. 55 வாட் சிபியுவும் 115 வாட் ஜிபியுவும் இருப்பதாகச் சொல்லிவிட்டு 150 வாட் அடாப்டர் கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது. ஸ்கிரீனும் ஃபேனும் வேறு அதிலிருந்துதான் இழுக்கின்றன.

கிராபிக்ஸ் மெமரி: 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்ஷன் எஃபெக்ட் இரண்டு அடுக்கு போட்டால் 6 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பினால் மெதுவாவதோடு நிற்காது, ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்ற பிழைச் செய்தியோடு ரெண்டர் நடுவில் நின்றுபோகும். 4கே வேலைக்கு 8 ஜிபியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: உங்கள் கேமரா எந்த ஃபார்மேட்டில் பதிவு செய்கிறது? சோனி ஏ7 4 போன்ற மிரர்லெஸ் கேமராக்களில் எச்.265, 10 பிட், 4:2:2 (வழக்கமான 4:2:0ஐவிட நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) என்று வைத்து எடுத்தால் அந்தக் கோப்பை 40 வரிசை என்விடியா கார்டால் வன்பொருளில் திறக்க முடியாது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைத் திறக்கும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் அந்த வசதி இல்லை. என்விடியா 50 வரிசையிலிருந்து கார்டே திறந்துவிடும். ஆகவே 4:2:2இல் எடுப்பவர் ரைசனும் 4060ம் சேர்ந்த லேப்டாப்பை வாங்கினால், பெட்டி எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் டைம்லைன் திக்கித் திணறும். ப்ராக்ஸி (எடிட்டிங்குக்காக மட்டும் உருவாக்கும் சிறிய, இலகுவான நகல்) போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். இன்டெல் எச் அல்லது எச்எக்ஸோடு 40 வரிசை, இல்லையென்றால் 50 வரிசை என்று போங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் கேமரா ஃபுட்டேஜ் ஐந்து நிமிடத்தைப் பென் டிரைவில் எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள். எந்த பெஞ்ச்மார்க் எண்ணும் அதற்கு ஈடாகாது.

ரேம் இரண்டு ஸ்லாட்டில் இருக்க வேண்டும், கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வந்தால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். அதே அளவில் இன்னொரு குச்சி போட்டு 32 ஜிபி ஆக்கிவிடுங்கள். டிடிஆர்5 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது, பழைய லேப்டாப்பின் ரேமைப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எஸ்எஸ்டி மாட்டும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா, அதில் 2280 நீளம் பொருந்துமா என்றும் கேளுங்கள். சில மாடல்களில் ஒரு ஸ்லாட் 2242 குட்டை அளவுக்கு மட்டும் இருக்கும்.

ஸ்கிரீன் விஷயத்தில் கறாராக இருங்கள். விலையைக் குறைக்க கேமிங் லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி பேனலை மாட்டிவிடுகிறார்கள். எஸ்ஆர்ஜிபி வண்ணப் பரப்பில் அது ஏறக்குறைய அறுபது சதவீதத்தைத்தான் காட்டும். அதில் அரக்கு நிறப் பட்டுப்புடவை செங்கல் நிறமாகத் தெரியும். எடிட் செய்பவர் நிறத்தைக் கூட்டுவார். வாடிக்கையாளர் வீட்டு டிவியில் போட்டால் கல்யாணப் பெண்ணின் முகமே சிவந்து கிடக்கும். நல்ல மெல்லிய லேப்டாப்பிலிருந்து வருபவர்களுக்கு இந்த வீழ்ச்சி உடனே கண்ணில் படும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ் வெளிச்சம் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். ஏறும் என்றால் எடிட்டிங் இல்லாத நாட்களில் பழைய 65 வாட் அல்லது 100 வாட் சார்ஜரையே எடுத்துப் போகலாம், பெரிய செங்கல் வீட்டிலேயே இருக்கட்டும். கடைசி வரி பேட்டரி. மேக்புக் ஏரில் 18 மணி நேரம் வரை வீடியோ ஓடும் என்று ஆப்பிள் சொல்கிறது. இங்கே அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 60 வாட்-மணி பேட்டரியில் சும்மா டைப் அடிக்கும்போதே 15 வாட் செலவானால் நான்கு மணி நேரம், அவ்வளவுதான். விமானத்தில் கையோடு கொண்டுபோக 100 வாட்-மணி வரைதான் தனி அனுமதி வேண்டாம் என்பதால் மிகப் பெரிய பேட்டரிகூட 99.9இல் நின்றுவிடும்.

பெட்டியைப் பிரித்த அன்று

பிரிப்பதை வெட்டில்லாமல் மொபைலில் பதிவு செய்யுங்கள், பெட்டியில் உள்ள சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். பில்லில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் தொழில் பெயரிலேயே பில் வாங்குங்கள், 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம்.

பிறகு சோதனை. சூட்டையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நிறுவி, சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டி, அதைத் தொடர்ந்து உங்கள் சொந்த புராஜெக்ட்டை அரை மணி நேரம் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சிபியு 95 டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்குவது இந்த வகையில் வழக்கம், பயப்பட வேண்டாம். ஆனால் சிபியு தன் அடிப்படை வாட்டுக்கும் கீழே போய் நின்றாலோ, ஜிபியு சொன்ன வாட்டில் பாதியைத் தாண்டவில்லை என்றாலோ ஏதோ சரியில்லை. முதலில் பவர் மோடு பெர்ஃபார்மன்ஸில் இருக்கிறதா, அடாப்டர் அதனுடைய அடாப்டர்தானா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஸ்கிரீனை எந்த கிராபிக்ஸ் இயக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மக்ஸ் ஸ்விட்சைத் தனி ஜிபியு மட்டும் என்று வைக்கச் சொல்லும் கேமிங் அறிவுரைகளை எடிட்டர்கள் அப்படியே பின்பற்றக் கூடாது. பல லேப்டாப்களில் அந்த மோடில் இன்டெல் கிராபிக்ஸ் அணைந்துவிடும். மேலே சொன்ன 4:2:2 உதவியும் அதோடு போய்விடும். ஹைப்ரிட் மோடில் விட்டுவிட்டு, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் எடிட்டிங் மென்பொருளுக்கு மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் தேர்வு செய்யுங்கள். டிரைவரில் கேம் ரெடி வேண்டாம், ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள்.

விண்டோஸ் 11 பெரும்பாலும் தானாகவே டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டி (என்க்ரிப்ட் செய்து) வைத்திருக்கும். 48 இலக்க பிட்லாக்கர் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகே பயாஸ் அப்டேட்டில் கை வையுங்கள். அதற்குப் பிறகு சாவியைக் கேட்டு நிற்கும்போது டெலிவரி நாளாக இருந்தால் தவித்துப்போவீர்கள்.

வேலையை இடம் மாற்றுவது

பழையதையும் புதியதையும் பத்து நாளாவது அருகருகே வைத்திருங்கள். அவசரத்தில் விற்றுவிட்டு, ஒரு ஃபோல்டரைத் தேடி அலைவது நடக்கிறது.

ஒரு டிபி ஃபுட்டேஜைச் சுழலும் ஹார்ட் டிஸ்க் வழியாக மாற்ற, நொடிக்கு 120 எம்பி என்று வைத்தால், இரண்டேகால் மணி நேரம் ஆகும். வேகமான வெளி எஸ்எஸ்டியில் இருபது நிமிடம். மேக்கிலிருந்து வருபவர்கள் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. ஃபைனல் கட் லைப்ரரியும் விண்டோஸில் திறக்காது. மேக் கையில் இருக்கும்போதே எக்ஸ்எம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்து, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய லேப்டாப்பில் ஃபுட்டேஜ் டிஸ்க்கின் எழுத்து இ என்று இருந்தால், புதியதிலும் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதே எழுத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு புராஜெக்ட்டும் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக நிற்கும்.

தமிழ் எழுத்துருக்களை மறக்கவே கூடாது. டைட்டிலுக்குப் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் ஏராளம். அந்த எழுத்துரு புதியதில் இல்லாவிட்டால் மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பார்த்தால் போதாது. தனி யூசருக்காக நிறுவிய எழுத்துருக்கள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற பாதையில் ஒளிந்திருக்கும். இரண்டையும் நகலெடுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11இலேயே இருக்கிறது. ஆனால் பாமினி தட்டச்சுக்கு என்ஹெச்எம் ரைட்டர் போன்ற ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். லட் (நிற மாற்ற) கோப்புகள், பிரீசெட், பிளகின் லைசென்ஸ் எண்கள் அடுத்து. அடோபி கணக்கிலிருந்து பழையதில் சைன் அவுட் செய்யுங்கள்.

பழையதைக் கொடுப்பது

எக்ஸ்சேஞ்சில் கடைக்காரர் முதலில் பார்ப்பது கீலும் பேட்டரியும். நீங்களும் எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் சேர்த்துக் (powercfg /batteryreport) கொடுத்தால் ஓர் அறிக்கை வரும். டிசைன் கெப்பாசிட்டி 54,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 41,000 என்றால் மிச்சம் 76 சதவீதம். மேக்கில் சைக்கிள் எண்ணிக்கையும் நிலையும் சிஸ்டம் ரிப்போர்ட்டில் இருக்கும். ஏர் பேட்டரிக்கு 1000 சைக்கிள் கணக்கு. நேரடியாக விற்றால் எக்ஸ்சேஞ்சைவிடக் கூடுதலாகக் கிடைப்பது வழக்கம். ஒரிஜினல் பில், பெட்டி, சார்ஜர் மூன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

கொடுக்கும் முன் ரீசெட். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ரீசெட் திஸ் பிசி, எல்லாவற்றையும் நீக்கு என்ற வரிசையில் போய், கூடுதல் அமைப்புகளில் கிளீன் டேட்டாவை ஆன் செய்யுங்கள். அது இல்லாமல் வெறுமனே நீக்கினால் மீட்பு மென்பொருளால் கோப்புகளைத் திரும்ப எடுக்க வாய்ப்புண்டு. உள்ளே இருப்பது பிறர் வீட்டுப் பெண்களின் படங்கள். இதில் சோம்பல் கூடாது. மேக்கில் ஃபைண்ட் மையை அணைத்துவிட்டு எரேஸ் ஆல் கண்டென்ட் கொடுங்கள். அணைக்காமல் கொடுத்தால் வாங்கியவர் திறக்க முடியாமல் உங்களைத்தான் தேடி வருவார். சீரியல் எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

கனமானதோடு குடித்தனம்

மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்தோ, இரண்டு முனை கன்வர்ட்டர் போட்டோ பயன்படுத்தாதீர்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். மண்டபங்களில் இது அடிக்கடி நடக்கும், எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் பெரிய அடாப்டர் ரீங்காரமிடும், அளவுக்கு மீறிச் சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர்தான் இதற்குச் சரி. கரண்ட் போனால் எக்ஸ்போர்ட் நிற்காது, ஆனால் பேட்டரியால் அத்தனை வாட் தர முடியாது என்பதால் வேகம் சட்டென்று விழும்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் என்பதால் தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிவிடும். மெத்தையிலும் மடியிலும் வைத்து எக்ஸ்போர்ட் போடக் கூடாது. காற்றை அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்தாலே காற்று தாராளமாகப் போகும்.

பையில் போடும் முன் ஸ்லீப்பை நம்பாதீர்கள். மூடிய பைக்குள் தானாக விழித்துக்கொண்டு, கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாகிக் கிடக்கும். பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை தூசி. அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடி மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரை எடுங்கள். பல் குத்தும் குச்சியை ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே கொடுத்து அது சுழலாமல் பிடித்துக்கொண்டு, ப்ளோவரால் ஃபின்களுக்குள் ஊதுங்கள். சுழல விட்டு ஊதினால் பேரிங் தேயும். ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் இடையில் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருக்கும், அதை இடுக்கியால் முழுதாக உரித்து எடுங்கள். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு வருடம் தொட வேண்டாம். உங்கள் மாடலில் லிக்விட் மெட்டல் போட்டிருக்கிறார்கள் என்றால் ஹீட் சிங்க்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஒரு சொட்டு போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகிவிடும், அதைச் சர்வீஸ் சென்டரிடமே விட்டுவிடுங்கள்.